மருந்து இருக்கும்போது வெளிச்சம் எதற்கு? செல்லுக்குள் புரதங்களை ஒளியால் இயக்குவது பற்றி

மாலதி_பயோகெம்:

வணக்கம். முதுநிலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2009-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிப் போன வாரம் வகுப்பில் பேசினேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கிளௌஸ் ஹான் குழுவினர் செய்த ஆய்வு. செல்லின் அசைவை நடத்தும் ராக்1 என்ற புரதத்தோடு ஓட்ஸ் செடியின் புரதத் துண்டு ஒன்றை இணைத்து, நீல ஒளி பட்டால் மட்டும் ராக்1 வேலை செய்யும்படி ஆக்கியிருக்கிறார்கள். செல்லின் ஓர் ஓரத்தில் லேசர் புள்ளியை வைத்தால் அந்த ஓரம் முன்னே நீள்கிறது, எதிர்ப்பக்கம் சுருங்குகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் செல் நகர்கிறது.

கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: "செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியை ஊற்றினால் ராக் இயங்கப் போகிறது, ராக்கைத் தடுக்கும் மருந்தைப் போட்டால் நிற்கப் போகிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?" மணி அடித்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. எனக்கு இதற்கு முழுப் பதில் வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

செல்லோடி:

மாலதி, நல்ல கேள்வி. முதலில் அந்தப் புரதத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் சொன்ன ஓட்ஸ் துண்டின் பெயர் லவ்2. ஃபோட்டோட்ரோபின் 1 என்ற ஒளியுணர் புரதத்தின் ஒரு பகுதி. ஜன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தைப் பார்த்து வளைகிறதே, அதற்குக் காரணமான குடும்பம். லவ்2-இன் நடுக்குழியில் எஃப்எம்என் என்ற சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியிலிருந்து தர வேண்டியதில்லை, வைட்டமின் பி2-இலிருந்து நம் செல்களே செய்துகொள்கின்றன. 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உறிஞ்சியதும் அது பக்கத்திலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு பிணைந்துவிடுகிறது. அந்தச் சிஸ்டீன் புரதச் சங்கிலியில் 450-ஆம் இடத்தில் இருக்கிறது. அலைநீளமும் 450, இடமும் 450 என்பது தற்செயல்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஒரு பிணைப்பு உண்டானதும் புரதத்தின் உடல் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அதன்மேல் படிந்திருந்த ஜே-ஆல்ஃபா என்ற சுருள் விலகி அவிழ்ந்துவிடுகிறது. ஹான் குழு செய்தது என்னவென்றால், எப்போதும் இயங்கும் நிலையில் இருக்கும்படி மாற்றிய ராக்1-ஐ அந்தச் சுருளின் நுனியில் கோத்தது. இருட்டில் லவ்2 ராக்கின் முகத்தை மறைத்து நிற்கும், பாக் முதலான கூட்டாளிப் புரதங்கள் அதை நெருங்க முடியாது. நீல ஒளி பட்டால் சுருள் அவிழும், முகம் வெளியே வரும், வேலை தொடங்கும். விளக்கை அணைத்தால் பிணைப்பு தானாக அறுந்து, ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பாதிக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வளர்ச்சிக் காரணியை ஊற்றுவது மடையைத் திறந்துவிடுவது மாதிரி. உங்களுக்கு ஒரு பாத்தியில்தான் தண்ணீர் வேண்டும், ஆனால் வாய்க்கால் ஓரத்து வயல் எல்லாமே நனையும். செல் சவ்வில் அதை வாங்கும் ஏற்பி தூண்டப்பட்டதும் ராஸ், பிஐ3-கைனேஸ், ராக், கால்சியம் என்று ஒரே நேரத்தில் பல பாதைகள் எழும். அதற்குப் பிறகு செல் நகர்ந்தால் யாரால் நகர்ந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஹான் குழு ராக் ஒன்றை மட்டும், செல்லின் ஒரு மூலையில் மட்டும் இயக்கியது. செல் நகர்ந்தது. ஆக, ஓரிடத்தில் எழும் ராக் செயல்பாடு ஒன்றே செல்லுக்குத் திசை காட்டப் போதுமானது. "ராக் தேவை" என்பது தடுப்பு மருந்து போட்டாலே தெரிந்துவிடும். "ராக் போதும்" என்று காட்டுவதற்குத்தான் வெளிச்சம் வேண்டியிருந்தது.

தாவரவியல்_தாத்தா:

செல்லோடி தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். நான் பணி ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். இந்தக் கதையின் வேர் செடியில் இருப்பதால் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் வேளாண் துறைக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. அங்கே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் ஆகியோர் லெட்யூஸ் கீரை விதைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைத்தது. உடனே தொலைச்சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைத்தது. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதன்படியே விதை நடந்தது. 1952-இல் வெளியான முடிவு இது. ஒரே நிறமி இரண்டு நிலைகளுக்கு இடையே போய்ப் போய் வருகிறது என்று அதிலிருந்து ஊகித்தார்கள். அந்த நிறமிதான் பின்னாளில் ஃபைட்டோகுரோம் என்று பெயர் பெற்றது. விதை முளைப்பதை எண்ணியே ஒரு மூலக்கூறின் குணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

பிற்பாடு 2002-இல் பீட்டர் குவெய்ல் குழு அதே ஃபைட்டோகுரோமையும் அதோடு சிவப்பு ஒளியில் சேரும் பிஐஎஃப் என்ற புரதத்தையும் ஈஸ்ட்டுக்குள் வைத்து, ஒளியால் ஒரு மரபணுவை எழுப்பவும் அடக்கவும் முடியும் என்று காட்டியது.

செல்லோடி:

ஐயா, இதை நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. லவ்2-ஐ இயக்கத்தான் முடியும், நிறுத்த வேண்டுமானால் அது தானாக ஓயும்வரை காத்திருக்க வேண்டும். ஃபைட்டோகுரோமில் அப்படி இல்லை, நிறுத்துவதும் நம் கையில். 2009-இல் லெவ்ஸ்கயா, வைனர், லிம், வாய்ட் ஆகியோர் பாலூட்டி செல்லுக்குள் இதைக் கொண்டுவந்தார்கள். ஃபைட்டோகுரோம் பி-ஐ செல் சவ்வில் கட்டிப்போட்டார்கள், பிஐஎஃப்-ஐ உள்ளே மிதக்க விட்டார்கள். 650 நானோமீட்டர் ஒளியில் பிஐஎஃப் ஓடிவந்து சவ்வில் ஒட்டும், 750-இல் உதிர்ந்துவிடும். பிஐஎஃப்-இன் வாலில் எந்தப் புரதத்தைக் கட்டுகிறோமோ அதுவும் கூடவே போய்வரும்.

சமிக்ஞைப் புரதங்கள் பலவற்றுக்கு இந்த இடமாற்றமே போதும். சவ்வுக்குப் பக்கத்தில் வந்தாலே வேலை தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு புரதத்துக்கும் புதிதாகத் தாழ்ப்பாள் செய்து மாட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஒரு தொல்லை உண்டு. ஃபைட்டோகுரோமுக்குப் பைகோசயனோபிலின் என்ற நிறமி வேண்டும். நம் செல்கள் அதைச் செய்யாது, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதை ஸ்பைருலினாவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். சத்து மாத்திரையாகக் கடையில் விற்கிறதே, அதே பாசிதான். நானும் பச்சைப் பொடியோடு ஆய்வகத்தில் மாரடித்திருக்கிறேன். பிரித்தெடுத்த நிறமியை வெளிச்சம் படாமல் பாதுகாப்பதே தனி வேலை.

மருந்தியல்_மணி:

எல்லோருக்கும் வணக்கம். நான் மருந்தியல் துறைக்காரன். மாலதியின் வகுப்பில் கேட்ட அந்தக் கேள்வியை நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், அதனால் அந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

ஒன்று, இந்தப் புரதங்களைச் செல்லுக்குள் அளவுக்கு மிஞ்சி வைக்கிறீர்கள். இயற்கையில் அந்தச் செல்லில் அவ்வளவு ராக் இருக்காது. அப்படியிருக்க "போதும்" என்று நிரூபித்ததாக எப்படிச் சொல்வது? அடுத்து, இருட்டிலும் கொஞ்சம் கசியும். தாழ்ப்பாள் முழுவதும் மூடுவதில்லை என்று உங்கள் துறையினரே எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது. அப்புறம் நீல ஒளியே செல்லுக்கு நஞ்சு. வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் ரைபோஃப்ளேவின் மேல் நீல ஒளி பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். பெராக்சைடே பல சமிக்ஞைப் பாதைகளைத் தூண்டும். நீங்கள் பார்ப்பது உங்கள் புரதத்தின் வேலையா, பெராக்சைடின் வேலையா?

இவற்றுக்கெல்லாம் பதில் இருந்தால் மகிழ்ச்சி. மருந்து என்றால் அளவுக்கும் விளைவுக்குமான வளைகோடு போட்டுக் காட்டலாம். எனக்கு அந்த நம்பகம் வேண்டும்.

செல்லோடி:

மணி சார், மூன்றுமே நியாயமான கேள்விகள். இந்தத் துறையில் நல்ல கட்டுரை எது, சாதாரணக் கட்டுரை எது என்று பிரிப்பது இவற்றுக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான்.

கசிவைப் பற்றி: 2015-இல் ஐலிட் என்றொரு சோடி வந்தது, பிரையன் குல்மன் குழு வடிவமைத்தது. அதே லவ்2-இன் சுருளுக்குள் எஸ்எஸ்ஆர்ஏ என்ற பாக்டீரியப் பெப்டைடை ஒளித்து வைத்தார்கள். ஒளி பட்டால் பெப்டைடு வெளிப்படும், எஸ்எஸ்பிபி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பிடிப்பின் வலிமை 50 மடங்குக்கும் மேல் மாறுகிறது. கசிவு சுழியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு கசிகிறது என்று அளந்து, இருட்டுச் செல்லின் நடத்தை சாதாரணச் செல்லைப் போலவே இருக்கிறது என்று காட்ட முடிகிறது.

அளவு பற்றி: நீங்கள் கேட்ட வளைகோட்டை ஒளியிலும் போடலாம். விளக்கின் செறிவைக் கூட்டிக் குறைத்தால் சவ்வில் சேரும் புரதத்தின் அளவு கூடிக் குறைகிறது. மருந்தில் ஒரு தட்டுக்கு ஒரு அளவுதான். இங்கே ஒரே செல்லிலேயே முழு வளைகோட்டையும் ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். செல்லுக்குச் செல் இருக்கும் வேறுபாடு அங்கே தொல்லை செய்யாது.

பெராக்சைடு பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, கடைசியில் வருகிறேன். இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் நேரம்.

பிசி12 என்ற எலிச் செல்களைப் பற்றிய பழைய புதிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பெருகும், என்ஜிஎஃப் என்ற இன்னொன்றைக் கொடுத்தால் பெருகுவதை நிறுத்திவிட்டு நரம்புச் செல்லைப் போல நீளமான கிளைகளை விடும். இரண்டும் எழுப்புவது, ராஸிலிருந்து ராஃப் வழியாக எர்க் வரை புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பும் அதே பாதையைத்தான். வேறுபாடு எங்கே என்றால், இஜிஎஃப் எழுப்பும் எர்க் சீக்கிரம் அடங்கிவிடுகிறது, என்ஜிஎஃப் எழுப்புவது மணிக்கணக்கில் நீடிக்கிறது. சரி, நீடிப்பதுதான் காரணமா, அல்லது என்ஜிஎஃப் வேறு ஏதோ பாதையையும் தூண்டுவதுதான் காரணமா? மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்வது பெரும்பாடு, ஏனென்றால் ஊற்றிய மருந்தை நினைத்த நிமிடத்தில் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்டான்ஃபோர்டில் பியான்சியாவ் குய் குழு 2014-இல் ராஃப் புரதத்தை ஒளியால் சவ்வுக்கு இழுக்கும் செல்களைச் செய்தது. இங்கே பயன்பட்டது அரபிடாப்சிஸ் செடியின் கிரை2, சிப்1 என்ற சோடி. நீல ஒளியில் சேரும், இருட்டில் சில நிமிடங்களில் பிரியும். என்ஜிஎஃப் ஒரு துளிகூட இல்லாமல், வெளிச்சம் மட்டும் காட்டியே கிளைகளை வரவைத்தார்கள். அடுத்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல் அணைத்து அணைத்துப் போட்டார்கள். இருட்டு இடைவெளி 45 நிமிடத்துக்குள் இருக்கும்வரை தொடர்ந்து எரியவிட்ட அளவுக்கே கிளைகள் வந்தன. இடைவெளி அதைத் தாண்டியபோது குறைந்தன. அந்தச் செல் எர்க்கின் சுவடை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்று இதில் தெரிகிறது. இந்தக் கேள்வியைக் கேட்க எந்த மருந்தைப் பயன்படுத்துவீர்கள், சார்?

மருந்தியல்_மணி:

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. அணைத்து எரியவிடும் சோதனை உண்மையிலேயே அழகு. நேரத்தைப் பற்றி வேறு என்ன இருக்கிறது? புற்றுநோய் மருந்துகளோடு தொடர்பு ஏதாவது உண்டா? என் ஆர்வம் அங்கேதான்.

செல்லோடி:

நேராகவே உண்டு. 2013-இல் டோயட்சர், வைனர், லிம் மூவரும் சாஸ் என்ற புரதத்தின் வினையூக்கப் பகுதியைச் சிவப்பு ஒளியால் சவ்வுக்கு இழுத்து ராஸை எழுப்பினார்கள். ஆப்டோசாஸ் என்று பெயர். விளக்கைப் பல தாளங்களில் போட்டுப் பார்த்து, இந்தப் பாதை சில நிமிடச் சமிக்ஞையையும் பல மணி நேரச் சமிக்ஞையையும் சிதைக்காமல் கடத்துகிறது என்று காட்டினார்கள். நீடித்த சமிக்ஞைக்கு மட்டும் வாய் திறக்கும் புரதங்கள் கீழே தனியாக இருக்கின்றன என்பதும் அதில் வெளிவந்தது.

பிறகு 2018-இல் லூகாஸ் பூகாய், லிம் முதலானோர் இதே கருவியைப் புற்றுநோய்ச் செல்களில் வைத்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ராஃப் வகைகளில் ஒன்றான பி-ராஃப் புரதத்தில் சில வகைப் பிறழ்வுகள் உள்ள செல்களில், விளக்கை அணைத்த பிறகும் எர்க் சீக்கிரம் இறங்கவில்லை, இழுத்துக்கொண்டே போயிற்று. இடைவெளி விட்டு வந்த சிறு துடிப்புகளை அந்தச் செல்கள் ஒரே நீண்ட சமிக்ஞையாகப் படித்துப் பெருகத் தொடங்கின. மணி சாருக்கான சேதி இதுதான்: சில பி-ராஃப் தடுப்பு மருந்துகளும் சாதாரணச் செல்களில் இதே மாதிரி இறக்கத்தை மெதுவாக்கின. மருந்து பாதையை எவ்வளவு அடக்குகிறது என்று மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது. மேலே ஏறிய சமிக்ஞை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்குச் சட்டென்று நிறுத்தக்கூடிய தூண்டல் வேண்டும்.

அகல்யா_ஈக்கள்:

தாமதமாக வருகிறேன். பழ ஈ ஆய்வகத்தில் வேலை. இதெல்லாம் தட்டையான தட்டில் வளரும் செல்களுக்கு மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஈ முட்டையின் முன்நுனியிலும் பின்நுனியிலும் டார்சோ என்ற ஏற்பி மூலம் எர்க் எழும். நுனியில் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு என்று ஒரு சரிவு. அது இல்லாவிட்டால் தலை, வால் பகுதிகள் உருவாகாது, கரு செத்துவிடும். அந்தச் சரிவின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்றுதான் பாடம் படித்தோம். பிரின்ஸ்டனில் டோயட்சரின் குழு ஐலிட் வைத்த ஆப்டோசாஸை ஈக்குள் கொண்டுவந்தது. டார்சோ சமிக்ஞையே இல்லாத கருக்களின் இரண்டு நுனிகளில் நீல ஒளியைக் காட்டினார்கள். சரிவெல்லாம் கிடையாது, வெளிச்சம் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். கரு பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகி, முட்டையும் இட்டது. 2020-இல் ஹீத் ஜான்சன் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரை. சாக வேண்டிய ஓர் உயிரை, அதன் மூலக்கூறுச் சேதியை விளக்கால் ஈடுசெய்து முழு வாழ்க்கை வாழவைத்திருக்கிறார்கள். அதே குழு முன்பு செய்த சோதனையில், அதே ஒளியைக் கருவின் நடுப்பகுதியில் காட்டினால் கரு பிழைக்காது என்றும் தெரிந்தது. இடம் மாறினால் விளைவே தலைகீழ்.

இன்னொன்று. மாலதி சொன்ன அதே ஒளியுணர் ராக்கை 2010-இல் டெனிஸ் மான்டெல் குழு ஈயின் சூலகத்தில் வைத்தது. அங்கே எல்லைச் செல்கள் என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தே நகரும். கூட்டத்தில் ஒரு செல்லின்மேல் மட்டும் ஒளி காட்டினால் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு செல்லில் எழுந்த ராக்கை மற்றவை உணர்ந்து தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன.

கோவை_வாசகன்:

துறைக்காரன் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். பார்வை இழந்தவருக்கு ஒளியால் இயங்கும் புரதம் வைத்துக் கொஞ்சம் பார்வை வந்ததாகச் செய்தியில் படித்தேனே, அதுவும் இதுதானா?

செல்லோடி:

நெருங்கிய உறவு, ஆனால் வேறு கிளை. 2021-இல் நேச்சர் மெடிசினில் வந்தது. விழித்திரை நிறமிச் சிதைவு நோயால் பார்வை போன 58 வயதுக்காரர். ஜோஸே-அலன் சாஹெல், பொட்டான்ட் ரோஸ்கா குழு அவர் விழித்திரைச் செல்களில் கிரிம்சன்ஆர் என்ற புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தியது. சிறப்புக் கண்ணாடி அணிந்தபோது மேசைமேல் இருந்த பொருள்களை அவரால் கண்டறியவும் தொடவும் முடிந்தது. அந்தப் புரதம் பாசியிலிருந்து வந்த அயனி வாயில் வகை. ஒளி பட்டால் வாயில் திறந்து மின்னூட்டம் உள்ளே வரும், நரம்பு துடிக்கும். இந்த வகைதான் 2005-இலிருந்து நரம்பியலைப் புரட்டிப்போட்டது. நாம் இங்கே பேசுவது செல்லுக்குள் இருக்கும் நொதிகளையும் சமிக்ஞைப் புரதங்களையும் இயக்குவது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது.

நீல ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது ஒரு முக்கியத் தடை. அதனால்தான் வெர்குஷா குழு பாக்டீரிய ஃபைட்டோகுரோமை எடுத்து, 740-இலிருந்து 780 நானோமீட்டர் வரையான அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் வேலை செய்யும் சோடியை 2016-இல் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய பிலிவெர்டின் நிறமி ஹீம் சிதையும்போது நம் உடலிலேயே உண்டாகிறது. ஸ்பைருலினா தேவைப்படாது.

மாலதி_பயோகெம்:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி. எங்கள் துறையில் நீல எல்இடி பலகை ஒன்று இருக்கிறது, ஆய்வுத் திட்டத்துக்கு லவ்2 மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடு ஒன்றும் கிடைக்கும் என்கிறார்கள். மணி சார் சொன்ன பெராக்சைடு விஷயத்தைக் கேட்டதும் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

செல்லோடி:

பயம் வேண்டாம், முறையாகச் செய்தால் போதும்.

முதலில் இருட்டு. பிளாஸ்மிடு செல்லுக்குள் போன நொடியிலிருந்து தட்டு அலுமினியத் தாளுக்குள் இருக்க வேண்டும். லவ்2 என்பதால் சிவப்பு விளக்கின் கீழ் தைரியமாக வேலை செய்யலாம், ஃபைட்டோகுரோமாக இருந்தால் அந்தச் சிவப்பே அதை இயக்கிவிடும். இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது அறை விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தைப் பார்க்காதீர்கள். அதற்குப் போடும் 488 நானோமீட்டர் லேசரே லவ்2-ஐ இயக்கிவிடும், பிறகு "இருட்டு" என்று நீங்கள் குறித்து வைத்த படம் எதுவும் இருட்டுப் படம் ஆகாது. எம்செர்ரி மாதிரி சிவப்பில் ஒளிரும் புரதத்தை 561-இல் பாருங்கள். செல்லைக் கண்டுபிடித்துக் குவியம் சரிசெய்வதும் அதே ஒளியில்தான்.

பெராக்சைடுக்கு: சோதனை நேரத்தில் ரைபோஃப்ளேவின், பீனால் ரெட் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஒளியைத் தொடர்ந்து கொட்டாதீர்கள். லவ்2 ஒரு முறை தூண்டினால் பல நொடிகள் நிற்கும், ஆகவே விட்டுவிட்டுக் கொடுத்தாலே போதும். பலகை சூடாகும் என்பதால் தட்டின் அடியில் வெப்பமானி வைத்து வெப்பநிலையையும் அளவீடுகளில் சேருங்கள்.

மருந்தியல்_மணி:

ஒப்பீட்டுத் தட்டுகள் என்னென்ன வைக்கப் போகிறீர்கள்? "வெளிச்சம் இல்லாத தட்டு" ஒன்றோடு நிறுத்திவிட்டால் நான் ஏற்கமாட்டேன்.

செல்லோடி:

ஏற்கவும் கூடாது, சார். பிளாஸ்மிடு இல்லாத செல்லுக்கு அதே ஒளி கொடுத்த தட்டு வேண்டும், வெளிச்சம் தனியாக என்ன செய்கிறது என்று அது சொல்லும். அதைவிட முக்கியமானது சிஸ்டீன் 450-ஐ அலனினாக மாற்றிய லவ்2. அதே புரதம், அதே அளவு, அதே ஒளி, ஆனால் பிணைப்பு உண்டாகாது, சுருள் அவிழாது. அந்தத் தட்டிலும் விளைவு வந்தால் நீங்கள் பார்ப்பது பெராக்சைடையோ சூட்டையோ தான். எதிர்ப்பக்கம், ஐசோலூசின் 539-ஐக் குளூட்டமேட்டாக மாற்றினால் சுருள் இருட்டிலேயே அவிழ்ந்து நிற்கும். அது எப்போதும் இயங்கும் ஒப்பீடு. மாலதி, பிளாஸ்மிடு தருபவர்களிடம் இந்த இரண்டு பிறழ்வுகளையும் சேர்த்தே கேளுங்கள், ஒளியுணர் ராக் கட்டுரையிலேயே இரண்டும் இருக்கின்றன.

மருந்தியல்_மணி:

450 மாற்றிய தட்டு இருந்தால் எனக்குச் சம்மதம். அந்தத் தட்டின் முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள் மாலதி, அளவு வளைகோட்டை வரைய நான் உதவுகிறேன்.

மாலதி_பயோகெம்:

கண்டிப்பாகப் போடுகிறேன் சார். இரண்டு பிறழ்வுகளையும் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புகிறேன். அகல்யா அக்கா, ஈக் கருவின் நடுப்பகுதியில் ஒளி காட்டினால் ஏன் பிழைப்பதில்லை என்பதைத் தனி இழையாக எழுத முடியுமா?

அகல்யா_ஈக்கள்:

எழுதுகிறேன் மாலதி. படங்களோடு சொன்னால்தான் புரியும், வார இறுதியில் தொடங்குகிறேன்.